லிங்கனார் நடத்திய வக்கீல் தொழில்

யாம் தமிழாசிரியராதலின், நம்மவருட் சிலர் தம் முன்னோர் எழுதிவைத்த பழம்பத்திரங்களைக் கொணர்ந்து, படித்துப் பொருள் கூறுமாறு எம்மைக் கேட்பதுண்டு. சென்ற கோடை விடுமுறையில் பங்காளிகள் இருவர், ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலுமாக, ஒரே பாகப்பிரிவினைப் பத்திரத்தின் இரண்டு படிகளை எம்மிடம் கொணர்ந்தனர். கிணற்றடி வரப்பு யாருக்கு உரியது என்பதே வினா. இருவரும் பத்திரத்தின் பொருளை அறிய வந்தவரல்லர். தத்தமக்குச் சார்பான பொருளைப் பெறவே வந்தனர். பத்திரத்தில் உள்ளதை உள்ளவாறே இருவருக்கும் கூறினோம். இருவரும் மனநிறைவின்றியே சென்றனர். வக்கீலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்று இருவருமே சொல்லிப் போயினர். அவர் சென்றபின் எம் நினைவிற்கு வந்தவர், நம் நாட்டவரல்லர். அமெரிக்க நாட்டு ஆபிரகாம் லிங்கனார்.

லிங்கனாரை அடிமைகளை விடுவித்த பெருந்தலைவரென நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயின், அவர் நாட்டுத் தலைவராக இருந்தது 1861 முதல் 1865 வரை நான்கு ஆண்டுகளும் சில நாட்களுமே. அதற்கு முன் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் உண்டதும் உடுத்ததும் வக்கீல் தொழிலின் வருவாயால். அதுவும் பெருநகரத்துப் பெருந்தொழிலன்று. ஒரு சிற்றூர்த் தலைநகரில், தாமும் கூட்டாளி ஒருவருமாக இருவர் நடத்திய சிறிய அலுவலகம். கொலை வழக்குகளும் அவரிடம் வந்தன வெனினும், பெரும்பாலானவை கடன், நிலம், ஒப்பந்தம், பாகம் என்னும் சிவில் வழக்குகளே. அத்தொழில் அவரை எவ்வாறு ஆக்கிற்று என்பதையும், ஓரிடத்தில் எவ்வாறு வழுக்கச் செய்தது என்பதையும் ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். நம் மரபினருள் சட்டம் பயில்வோரும் வழக்காடுவோரும் மிகுந்துவரும் இக்காலத்தில் இஃது இருசாரார்க்கும் பயன்படும் என்பது எம் கருத்து.

லிங்கனார் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் கெண்டக்கி மாகாணத்தில் ஒரு மரக்குடிசையிற் பிறந்தார். தந்தையார் தாமஸ் லிங்கன் உழவரும் தச்சருமாவர். அக்காலத்துக் கெண்டக்கியில் அரசாங்கம் நிலத்தை முறையாக அளந்து எல்லை குறித்துக் கொடுக்கவில்லை. நிலம் கொள்வோர் தாமே அளவைக்காரரை அமர்த்தி, இந்த மரம் முதல் அந்த ஓடை வரை என எழுதிக்கொண்டனர். மரம் வீழ்ந்தால் எல்லையும் வீழ்ந்தது. ஒருவர் நிலத்தின்மேல் மற்றொருவர் நிலம், கூரையோட்டின்மேல் கூரையோடு படிந்தாற்போலப் படிந்து கிடந்தது. தாமஸ் லிங்கனும் தாம் விலை கொடுத்து வாங்கிய நிலங்களில் உரிமைக்குறைபாடு கண்டார். இருந்த நிலத்தினின்று வெளியேற்ற வழக்கும் தொடுக்கப்பட்டது. 1816-இல், மகனுக்கு ஏழு வயதாயிருக்கையில், குடும்பம் ஓகையோ ஆற்றைக் கடந்து இந்தியானாவிற் குடியேறிற்று. ஆங்கு நிலம் அரசாங்கத்தால் அளக்கப்பட்டிருந்தது. தாம் ஊர்விட்டு நீங்கியது ஓரளவு அடிமை முறையினாலும், பெரிதும் நிலவுரிமைச் சிக்கலினாலும் என லிங்கனார் பிற்காலத்தில் தாமே எழுதியுள்ளார். ஒரு பத்திரத்திற் சொல் பிழைத்தால் ஒரு குடும்பம் ஊர் பெயர வேண்டிவரும் என்பதை அவர் நூலிற் கற்கவில்லை; ஏழாம் வயதில் நடந்து கற்றார்.

பள்ளியில் அவர் பயின்ற காலம் அனைத்தையும் கூட்டினும் ஓராண்டு நிரம்பாது. 1831-இல் இல்லினாய் மாகாணத்து நியூ சேலம் என்னும் ஊரில் தனியே வாழத் தொடங்கினார். ஆங்கு ஒரு கூட்டாளியுடன் கடை வைத்தார், கடை நொடித்தது, கூட்டாளி 1835-இல் இறந்தார், கடன் முழுதும் இவர் தலையில் விழுந்தது. அஞ்சல் நிலையத் தலைவராகவும், நில அளவை உதவியாளராகவும் பணியாற்றி வந்தார். கடன் கொடுத்த ஒருவர் நீதிமன்றத்தில் டிக்ரி பெற்று, இவருடைய குதிரையையும் அளவைக் கருவிகளையும் ஜப்தி செய்வித்தார். ஏலத்தில் அவற்றை ஜேம்ஸ் ஷார்ட் என்னும் நண்பர் எடுத்து, இவரிடமே திருப்பிக் கொடுத்தார். எஞ்சிய கடனைப் பல்லாண்டுகள் சிறிது சிறிதாகக் கட்டித் தீர்த்தார். பிற்காலத்தில் அவர் நூற்றுக்கணக்கான கடன் வழக்குகளை நடத்தினார். கடன்பட்டார் நெஞ்சம் எத்தகையதென்பதைக் கட்சிக்காரர் வாய்ச்சொல்லால் அறிய வேண்டிய நிலையில் அவர் இருந்ததில்லை.

1834-இல் மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜான் ஸ்டூவர்ட் என்னும் வக்கீல் நூல்கள் இரவல் தந்து, சட்டம் பயிலுமாறு தூண்டினார். ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதிய பேருரை நூலை ஆசிரியரின்றித் தாமே கற்றார். 1836 செப்டம்பரில் வக்கீல் சன்னது பெற்றார். 1837 ஏப்ரல் 15-ஆம் நாள், தம் உடைமையனைத்தும் இரு குதிரைப்பைகளில் அடங்க, மாகாணத்தின் புதிய தலைநகராகவிருந்த ஸ்பிரிங்பீல்டு நகரை அடைந்தார்.

அங்கு அவர் தம் தொழில்வாழ்வு முழுதும் மூவருடன், ஒருவர்பின் ஒருவராகக் கூட்டுச் சேர்ந்திருந்தார். முதலாமவர் ஸ்டூவர்ட். அவர் அரசியலிற் புகுந்து தேசிய மன்றத்திற்குச் சென்றமையின், இளைஞரான லிங்கனாரே அலுவலகத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. இரண்டாமவர் ஸ்டீபன் லோகன். 1841 முதல் 1844 வரை. லோகன் நீதிபதியாயிருந்தவர், ஒழுங்கும் நுணுக்கமும் மிக்கவர். நாவன்மை ஒன்றையே நம்பியிருந்த லிங்கனார், எதிர்க்கட்சியின் வழக்கையும் தம் வழக்கைப்போல் ஆராய்ந்து செல்லும் பழக்கத்தை இவரிடமே கற்றனர். மூன்றாமவர் வில்லியம் ஹெர்ண்டன், லிங்கனாரினும் ஒன்பது வயது இளையவர், தொழிலுக்குப் புதியவர். 1844-இல் அவரைக் கூட்டாளியாகக் கொண்ட லிங்கனார், வருவாயைச் சரிபாதியாகப் பிரிப்பதென முடிவு செய்தார். மூத்தவர் கூடுதலாகக் கொள்வதே உலக வழக்காயிருப்பவும் அவர் அதனைக் கருதிற்றிலர்.

அவ்வலுவலகத்தின் தோற்றம் மாணவர் பின்பற்றத்தக்கதன்று. தாள்கள் கண்டவிடமெல்லாம் கிடந்தன. வேறெங்கும் கிடைக்காதது இதனுள் இருக்கும் என்னும் பொருள்பட எழுதிய சீட்டுடன் ஒரு கட்டு இருந்தது. முதன்மையான கடிதங்களை லிங்கனார் தம் உயர்ந்த தொப்பிக்குள் வைத்துக்கொள்வார். 1850-இல் ஒருவருக்கு விடை எழுதத் தாழ்த்தமைக்குக் காரணம் கூறுகையில், கடிதத்தைப் பழைய தொப்பியில் வைத்ததாகவும், மறுநாள் புதுத் தொப்பி வாங்கியமையின் அது கண்ணிற்படாமற் போயிற்றென்றும் ஒளியாது எழுதினார். ஒழுங்கின்மை குற்றமே, அதனை மறையாமை குணம்.

இனி, வழக்குகளின் இயல்பை நோக்குவோம். அவர் வழக்காவணங்களை மாகாணத்து நீதிமன்றங்களெல்லாம் தேடித் திரட்டி அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். லிங்கனாரும் அவர் கூட்டாளிகளும் நடத்திய வழக்குகள் 5,000-க்கு மேற்பட்டன வென்பதும், அவற்றிற் பாதிக்கு மேல் கடன்பற்றியன வென்பதும் அதனால் தெளிவாயின. இதற்குக் காரணமுண்டு. எல்லைப்புற நாட்டில் காசு அரிது. மாடு வாங்கினும் மாவு வாங்கினும் புரோநோட்டு எழுதிக் கொடுப்பர். அந்நோட்டு ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறி நாணயம்போல் உலவும். 1837-இல் நாடெங்கும் வாணிகம் சரிந்தபோது அந்நோட்டுகள் நீதிமன்றத்தை நோக்கி ஓடி வந்தன. 1841-இல் இயற்றப்பட்ட திவால் சட்டத்தின்கீழ் விடுதலை வேண்டிய பலருக்கும் லோகன்-லிங்கன் அலுவலகம் மனு எழுதிற்று. ஒருநாள் கடன் கொடுத்தவர்க்காகவும், மறுநாள் கடன் பட்டவர்க்காகவும் நிற்பது அவர் தொழிலாயிற்று.

ஸ்பிரிங்பீல்டில் மட்டும் இருந்தால் சிறு அலுவலகம் பிழைக்க முடியாது. ஆதலின் ஆண்டுதோறும் இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும், எட்டாவது நீதிச் சுற்று என்னும் பெரும்பரப்பில் நீதிபதியுடன் வக்கீல்களும் ஊர்ஊராகச் செல்வர். அச்சுற்று விரிந்திருந்த காலத்தில் 14 மாவட்டங்களைக் கொண்டது. இருப்புப்பாதை வருமுன் குதிரையிலும் சிறு வண்டியிலுமே செலவு. சேறும் ஆறும் வழிமறிக்கும். விடுதியில் ஒரே அறையில் பலர் படுப்பர். ஒரே கட்டிலில் இருவர் உறங்குவதும் உண்டு. பகலில் எதிர்நின்று வாதிட்டவர் இரவில் ஒரே மேசையில் உண்டு கதை பேசுவர். 1848 முதல் அச்சுற்றின் நீதிபதியாயிருந்தவர் டேவிட் டேவிஸ். அவரையே லிங்கனார் 1862-இல் நாட்டின் உச்ச நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தினார். மற்றை வக்கீல்கள் இடையிடையே வீடு திரும்பவும், லிங்கனார் சுற்று முழுதும் உடன் செல்வார். ஆங்காங்குள்ள உழவர், கடைக்காரர், கொல்லர் ஆகியோர் ஜூரராக அமர்ந்தனர். அவர் அறியும் சொல்லால் அவர் அறியாப் பொருளை விளக்க வேண்டும். பிற்காலத்தில் உலகம் புகழ்ந்த அவரது எளிய நடை, புலவர் அவையிற் பிறந்ததன்று. இத்தகைய ஜூரர்முன் பிறந்தது.

கூலியின்கண் அவர் அளவறிந்தவர். சிறு வழக்கிற்கு 5 டாலர் முதல் 20 டாலர் வரையிற் பெறுவதே வழக்கம். 1856-இல் ஒரு விடுதியின் குத்தகைப் பத்திரங்களை எழுதிக்கொடுத்ததற்கு, ஒருவர் 25 டாலர் அனுப்பினார். இவ்வேலைக்கு 15 போதுமென எழுதி, 10 டாலரைத் திருப்பி அனுப்பினார். இதனால் அவர் பணமறியாத துறவி என்று எண்ணற்க. மக்லீன் மாவட்டத்தார் இல்லினாய் மத்திய இருப்புப்பாதைக் கம்பெனியின் சொத்திற்கு வரி விதிக்க முயன்றபோது, அவ்வரி செல்லாதென மாகாண உச்ச நீதிமன்றத்தில் வாதாடி 1856-இல் வென்றார். கம்பெனி உரிய கூலியைக் கொடாது போகவே, தம் கட்சிக்காரராயிருந்த அக்கம்பெனியின்மீதே வழக்குத் தொடுத்து, 1857-இல் 5,000 டாலருக்குத் தீர்ப்புப் பெற்றார். ஹெர்ண்டனுக்கு அதிற் சரிபாதி அளித்தார். தனியொருவரிடம் 10 டாலரைத் திருப்பியவரும், செல்வரிடம் 5,000 டாலரைக் கேட்டு வாங்கியவரும் ஒருவரே. இரண்டிலும் அவர் நோக்கியது வேலையின் தகுதியொன்றே.

உழைப்பிற்கும் ஒரு சான்று கூறுவோம். மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே ராக் ஐலண்டில் கட்டப்பட்ட முதல் இருப்புப்பாதைப் பாலத்தின்மீது, 1856 மே 6-ஆம் நாள் எபி ஆப்டன் என்னும் நீராவிப் படகு மோதி எரிந்தது. பாலம் ஆற்றிற்கு இடையூறென்று படகுக்காரர் வழக்கிட்டனர். 1857 செப்டம்பரில் சிக்காகோவில் விசாரணை. பாலத்தார் வக்கீலான லிங்கனார், முன்னரே பாலத்திற்குச் சென்று, நீரோட்டத்தின் போக்கையும் விரைவையும் நேரில் ஆராய்ந்தார். பண்டைய அளவைக்காரர் வக்கீலுக்குத் துணைசெய்தார் என்க. ஜூரர் ஒருமைப்படாமையின் தீர்ப்பின்றி முடிந்தது, பாலம் நின்றது.

இகழ்ச்சியையும் அவர் தொழிலிற் கண்டார். 1855-இல் அறுவடைப் பொறி உரிமை பற்றிய பெருவழக்கொன்றில் அமர்த்தப்பெற்று, பல நாள் ஆயத்தம் செய்து, சின்சினாட்டி நகருக்குச் சென்றார். அங்கு வந்திருந்த கிழக்குப் பகுதிப் பெருவக்கீல்கள் இவரை நாட்டுப்புறத்தாரென ஒதுக்கி வாதிட விடவில்லை. அவருள் ஒருவர் எட்வின் ஸ்டாண்டன். லிங்கனார் சினந்து ஊர் திரும்பாது, நீதிமன்றத்தில் அமர்ந்து அவர்தம் வாதத்திறனைக் கேட்டார். தாம் இன்னும் கற்கவேண்டியதுண்டெனத் தெளிந்தார். 1862-இல், போர் நடக்கையில், அதே ஸ்டாண்டனைத் தம் போர் அமைச்சராக அமர்த்தினார்.

இதுகாறும் கூறியவை புகழ்ச்சிக்குரியன. இனிக் கூறுவதை மறைத்தல் வரலாறு எழுதுவார்க்கு அழகன்று.

1841-இல் பெய்லி என்பார் ஒருவர் நான்சு என்னும் கறுப்புநிறப் பெண்ணை விலைக்குக் கொண்டு எழுதிய புரோநோட்டுப்பற்றி வழக்கு நிகழ்ந்தது. விற்றவர் இறந்தபின் அவர் சொத்தை ஆள்வோர் பணம் கேட்டனர். பெய்லிக்காக நின்றவர் லிங்கனார். இல்லினாயில் மனிதர் எவரும், நிறம் எதுவாயினும், சுதந்தரர் என்றே கொள்ளப்படுவர்; சுதந்தரரை விற்றல் ஆகாது; ஆகவே நோட்டு செல்லாது என மாகாண உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வழக்கோ வெறுங் கடன் வழக்கு. விளைவோ ஒரு பெண்ணின் விடுதலை.

ஆறாண்டு கழிந்தது. 1847 அக்டோபரில், மாட்சன் என்னும் கெண்டக்கி நிலக்கிழார் ஒருவருக்காக அதே லிங்கனார் நீதிமன்றம் ஏறினார். மாட்சன் இல்லினாயிலுள்ள தம் பண்ணைக்கு அடிமைகளைக் கொணர்ந்து வேலைவாங்கித் திரும்பக் கொண்டுசெல்வார். அவருள் ஜேன் பிரையண்டு என்னும் தாய், தன் பிள்ளைகள் தெற்கே விற்கப்படுவர் என அஞ்சி, நான்கு பிள்ளைகளுடன் ஓடி அடைக்கலம் புகுந்தாள். அவர்களை மீட்டுத்தர வேண்டுமென்பது மாட்சன் வழக்கு. அடைக்கலம் தந்தவருள் ஒருவரான மருத்துவர் ரதர்போர்டு முதலில் உதவி நாடியது லிங்கனாரையே. தாம் முன்னமே மாட்சனுக்கு வாக்களித்துவிட்டதாக லிங்கனார் வருந்திக் கூறினார் என்றும், பின்னர் அப்பிணிப்பினின்று விடுபட முயன்றார் என்றும், அதற்குள் தாம் மானத்தால் அவ்வுதவியை மறுத்துவிட்டதாகவும் அம்மருத்துவர் பிற்காலத்தில் உரைத்தார். வழக்கில் மாட்சன் தோற்றார். தாயும் பிள்ளைகளும் விடுதலை பெற்றனர். லிங்கனார் தோற்ற வழக்குகளுள், தோற்றமையால் அவர் பெயர் பிழைத்தது இஃதொன்றே எனலாம்.

இதனை எண்ணுங்கால் திருக்குறளின் அதிகாரவைப்பு எம் நினைவிற்கு வருகின்றது. செய்ந்நன்றியறிதலுக்கு அடுத்து நடுவுநிலைமையை வள்ளுவனார் வைத்தார். நன்றி செய்தவரிடத்து அந்நன்றியை நினைந்தவிடத்து நடுவுநிலை சிதையக்கூடுமாதலின், ஆங்கும் சிதையலாகாது என்றற்கே அவ்வாறு வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் காரணம் காட்டுவர். கூலி கொடுப்பவர் வக்கீலுக்கு நன்மை செய்தவர். அவர் பக்கம் நிற்றல் தொழில்முறையும் ஆம். ஆயினும் எவர் வரினும் ஏற்பேன் என்பது தொழிலின் ஒழுங்கேயன்றி மனத்தின் அறமாகாது. 1841-இல் தொழிலும் அறமும் ஒரு வழியிற் சென்றன. 1847-இல் பிரிந்தன, லிங்கனார் தொழிலின்வழிச் சென்றார். அத்துணைப் பெரியாரையே வழுக்கிய இடத்தில் நம் இளைஞர் காலூன்றி நடத்தல் வேண்டும்.

அவர் அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. 1847 முதல் 1849 வரை தேசிய மன்ற உறுப்பினராயிருந்து மீண்டு, முன்னினும் ஊக்கமாகத் தொழில் செய்தார். அக்காலத்தையொட்டி இளம் வக்கீல்களுக்கென அவர் எழுதிவைத்த குறிப்பொன்று கிடைத்துள்ளது. அதன் கருத்தாவது: வழக்காடுதலைத் தடுக்க முயல்க, அயலாரை ராஜிக்கு இணங்கச் செய்க, பெயரளவில் வென்றவரும் கூலியாலும் செலவாலும் காலத்தாலும் உண்மையில் தோற்றவராதலை எடுத்துக் காட்டுக, சமாதானம் செய்விப்பவர்க்கு நல்லவராதற்கு மிக்க வாய்ப்புண்டு, அதன்பின்னும் தொழில் போதிய அளவு எஞ்சும், நேர்மையான வக்கீலாக இருக்க இயலாதெனத் தோன்றின், வக்கீலாகாது நேர்மையாளராக இருக்க. இவ்வாறு எழுதியதோடு அமையாது, தம்மிடம் வந்த பல வழக்குகளைத் தீர்ப்பிற்குமுன் ராஜியில் முடித்தார். அயலார் ஒருவரையொருவர் பழித்த அவதூறு வழக்குகளில், பழித்தவர் சொல்லைத் திரும்பப் பெறச் செய்து மானத்தையும் பணத்தையும் ஒருங்கு காத்தார்.

1854-இல் புதுநிலங்களில் அடிமை முறை புக வழிதிறந்த கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அவரை மீண்டும் அரசியலுக்கு இழுத்தது. 1860 நவம்பரில் நாட்டுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1861 பிப்ரவரி 11-ஆம் நாள் ஸ்பிரிங்பீல்டை விட்டுப் புறப்படுமுன், அலுவலகத்திற்குச் சென்று ஹெர்ண்டனுடன் கணக்குகளைப் பேசி முடித்தார். வாயிலில் தொங்கிய பெயர்ப்பலகை அவ்வாறே இருக்கட்டும். உயிரோடிருந்தால் திரும்பிவந்து, எதுவும் நிகழாததுபோலத் தொழிலைத் தொடர்வோம் என்று சொல்லிச் சென்றதாக ஹெர்ண்டன் எழுதுகின்றார். 1863 ஜனவரி 1-ஆம் நாள், கிளர்ச்சி செய்த மாகாணங்களின் அடிமைகள் விடுதலை பெற்றனர் என்னும் ஆணையில் கையொப்பமிட்டார். அவ்வாணை உணர்ச்சிமொழி குறைந்து, பத்திரம்போல் வரையறைச் சொற்களால் அமைந்திருத்தலைப் படிப்போர் காண்பர். நீதிமன்றத்தில் எவரும் அசைக்கலாகாதென்று எழுதிய வக்கீலின் கை அது. 1865 ஏப்ரல் 15-ஆம் நாள், முதல்நாள் இரவு சுடப்பட்ட புண்ணால் உயிர்நீத்தார். ஸ்பிரிங்பீல்டுக்குத் திரும்பிற்று அவர் உடலே.

நம்மவரில் சட்டம் கற்கும் செல்வர்காள்! பெரிய கட்டடமும் பல குமாஸ்தாக்களும் இன்மையால் மனந்தளர வேண்டா. இருவர் இருந்த அறையொன்றில் ஒருவர் அத்துணை உயர்ந்தார். உங்கள் பெயர்ப்பலகையை நோக்கி வருபவர் பணத்தோடு பகையையும் கொண்டுவருவர். பணத்தை அளவாகப் பெறுங்கள், பகையை வளர்க்காதீர்கள். எவர் பக்கம் நிற்கின்றீர் என்பதனோடு, நின்றபின் நிலைகுலைபவர் யார் என்பதனையும் ஒருமுறை எண்ணுங்கள்.

வழக்காடும் அன்பர்களுக்கு ஒரு சொல். யாம் மேலே குறித்த பங்காளிகள் இன்னும் முன்சீப் கோர்ட்டின் படி ஏறவில்லை. வரப்பின் அகலம் ஒரு முழம். அதன்மேல் அவர்தம் பாட்டனார் நட்ட தென்னைகள் மூன்று. அவை இன்றும் இருவர் வயலிலும் நிழல் செய்கின்றன. நம் சங்கத்துப் பெரியோர் இருவரையும் ஒருங்கிருத்திப் பேசுவாராயின், பத்திரத்தைப் படித்துக்காட்ட யாம் மூன்றாம் முறையும் ஆயத்தமாக உள்ளோம்.